நாலுக்குக் கீழே

பிப்ரவரி 20, திங்கள்

மெஷின் வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. நான் வேலை பார்க்கிற துறைமுக ஆபீசில் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் சர்க்கரை பார்க்கிற மெஷின் என்று நினைத்து வரிசையில் நின்று விரலை நீட்டுவார்கள்.

இதை எழுதச் சொன்னது இளவழகன். கல்லூரியில் என்னோடு ஓடியவன். இப்போது சென்னையில் ஓட்டக்காரர்களின் ரத்தத்தையும் மூச்சையும் அளக்கிற வேலையில் இருக்கிறான். "ஏலே கஸ்பார், கோச்சுன்னா தினம் நாலு வரி எழுதணும். எண்ண மட்டும் எழுதாத, ஆளையும் எழுது" என்றான். எழுதிவிட்டால் போயிற்று.

காலையில் கடற்கரை மைதானத்தில் என் மனைவி ஜெனோவாவுக்கு விளக்கினேன். வேகமாக ஓடினால் தசையிலிருந்து லாக்டேட் என்று ஒன்று ரத்தத்துக்கு வரும். மெதுவாக ஓடும்வரை வருவதை உடம்பு அங்கங்கே செலவழித்துவிடும். ஒரு வேகத்துக்கு மேல் போனால் வரவு கூடி, தேங்க ஆரம்பிக்கும். அந்த எல்லைதான் முக்கியம். உலகம் பூராவும் கோச்சுகள் தோராயமாக நாலு என்ற எண்ணில் அந்தக் கோட்டைப் போடுகிறார்கள். போட்டி வேகத்தில் ஓடியும் எண் நாலுக்குக் கீழே நின்றால், அந்த வேகத்தில் நெடுந்தூரம் தாங்கலாம்.

"அப்ப நான் எப்படி ஓடுறேன்னு என் ரத்தத்தத்தான் கேப்பீயளா? என்னையக் கேட்டா ஆவாதா?"

"நீ நல்லாருக்குன்னு பொய் சொல்லுவ. ரத்தம் சொல்லாது."

முதலில் என்னிடமே சோதித்தேன். கெட்டுப்போன முழங்காலோடு மூன்று வட்டம் நொண்டி ஓடினதற்கு ஐந்தரை. அவள் சிரித்தாள். பிறகு அவளை ஓடவிட்டு, காது மடலில் வியர்வையைத் துடைத்து, குத்தி, முதல் சொட்டைத் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுத்தேன். நாலு புள்ளி ஒன்று. திருச்சியில் ஏப்ரல் முதல் தேதி பத்தாயிரம் மீட்டர் தேர்வு. முதல் இரண்டு பேருக்குத்தான் மாநில அணியில் இடம். அவளுக்கு இருபத்தெட்டு வயதாகிறது, இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான். அதற்குள் இந்த எண்ணை இறக்க வேண்டும்.

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். விடியற்காலையே கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தாள். எங்கள் பக்கத்தில் தவக்காலம் முழுக்கப் பெண்கள் ஒருசந்தி இருப்பார்கள். மத்தியானம் ஒரு வேளை சோறு, மற்ற நேரத்துக்குக் கடுங்காப்பி. ஞாயிறு மட்டும் நோன்பு கிடையாது. இவள் அம்மா இதில் கெட்டிக்காரி, அறுபது வயதிலும் விடுவதில்லை.

நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "இந்த வருசம் உனக்கு ஒருசந்தி கிடையாது. ஆண்டவருக்கு வேற ஆளு இருக்கு. எனக்கு ஒரே ஒரு ஓட்டக்காரிதான்."

"சரி" என்றாள்.

இவ்வளவு சுலபமாகச் சரி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. பயிற்சி ஆளைப் பக்குவப்படுத்துகிறது.

செப்டம்பரில் குழந்தை ஆறாம் மாதத்திலேயே வயிற்றில் தவறியது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை நான்தான் ஷூவை மாட்டி வெளியே இழுத்து வந்தேன். டாக்டரம்மா சொன்னார், "வீட்ல அந்தப் பேச்சே எடுக்காதீங்க, தானா சரியாகிரும்" என்று. நான் எடுக்கவில்லை. அவளும் ஒரு தடவை கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை, பிறகு கேட்கவில்லை. சரியாகிவிட்டது.

பிப்ரவரி 25, சனி

மூன்று புள்ளி ஏழு. ஒரே வாரத்தில். மெஷினைத் தட்டிப் பார்த்து மறுபடி எடுத்தேன். அதேதான்.

மார்ச் 1, புதன்

கேஸ் தீர்ந்தது. மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்று.

சீப்பு சீப்பாக வாழைப்பழம் வாங்கி வைக்கிறேன். எல்லாம் கறுத்துப் போகிறது. வெயில் அப்படி. ஓடி முடித்ததும் நான் குளித்து ஆபீசுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அவள் பள்ளியில் பி.டி. டீச்சர், எனக்குப் பிறகுதான் கிளம்புகிறாள். காலை இட்லியைப் பள்ளியில் போய்ச் சாப்பிடுகிறாளாம். ராத்திரிக்குப் பசியில்லை என்கிறாள், இடைவேளையில் டீச்சர்கள் ஏதாவது தின்னக் கொடுத்துவிடுகிறார்களாம். நம் தெரு நாய் ஒன்று தினமும் அவளைச் சந்து முனை வரை கொண்டுபோய் விடுகிறது. போன மாதம் எலும்பும் தோலுமாகக் கிடந்தது, இப்போது நன்றாகக் கொழுத்திருக்கிறது. யாரோ புண்ணியவான் போடுகிறான்.

மார்ச் 4, சனி

மூன்று புள்ளி இரண்டு!

மைதானம் என்றும் பாராமல் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். நடை போக வந்த பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் சிரித்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"காலு கனமா இருக்கு" என்றாள் வரும் வழியில்.

"எண் அப்படிச் சொல்லலியே."

"அப்ப சரிதான்."

மார்ச் 8, புதன்

இளவழகனுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அவன் கையைத் தட்டுவான் என்று பார்த்தால் கேள்வி கேட்கிறான்.

"உச்சத்துக்கு ஓடவிட்டு எடுத்தியால?"

"எதுக்கு?"

"முழு மூச்சா ஓடி முடிச்சதும் பத்துக்கு மேல ஏறணும். அது ஏறி, இது இறங்குனாத்தான் தேறுறான்னு அர்த்தம். ரெண்டும் இறங்குச்சுன்னா வேற கத."

என்ன கதை என்று கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டுப் போய்விட்டான். பட்டணத்துக்குப் போனால் எல்லாருக்கும் ஒரு சந்தேகப் பார்வை வந்துவிடும். சோதனைப் பட்டை கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. முக்கியமான சோதனைக்கே போதாது, உச்சத்துக்கு வேறு வீணாக்குவார்களா.

மார்ச் 11, சனி

இரண்டு புள்ளி எட்டு. எல்லை மேலே போய்விட்டது என்று பொருள். ஒரு வட்டத்துக்கு மூன்று விநாடி குறைத்துப் புதிய வேகம் போட்டுக் கொடுத்தேன்.

கடைசி வட்டத்தை வேகமாக முடிக்கச் சொன்னால் முடியவில்லை. ரத்தம் சுத்தமாக இருக்கிறது, காலில் வலுவும் இருக்க வேண்டும், அப்புறம் ஏன்? மனசு. மனசுக்கு மெஷின் இல்லை. எழுந்திருக்கும்போது கண் இருட்டுகிறது என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். உப்பளத்துப் பக்கமிருந்து அனல் அடிக்கிறது, எனக்கே இருட்டுகிறது. பள்ளிக்குப் போகும்போது சேலைக்கு இரண்டு ஊக்கு கூடுதலாகக் குத்தினாள். ஜாக்கெட் தொளதொளவென்று கிடக்கிறது. ஓட்டக்காரிக்கு எடை குறைவது நல்லதுதான்.

மார்ச் 16, வியாழன்

அவள் தலைமுடி குளியலறைச் சாக்கடையை அடைத்துக்கொண்டது. குச்சி விட்டு எடுத்தேன். உப்புத் தண்ணீர் ஊர், யாருக்குத்தான் கொட்டவில்லை.

மார்ச் 20, திங்கள்

சனிக்கிழமை கப்பல் வந்ததால் ஆபீசில் மாட்டிக்கொண்டேன். அதனால் சோதனை இன்றைக்கு.

ஓட்டம் அருமை. பேசிக்கொண்டே ஓடினாள். என்னைத் தாண்டும்போதெல்லாம் ஏதாவது கேலி. "கோச்சுக்குத் தொப்பை தெரியுது" என்றாள் ஒரு வட்டத்தில். கடைசி வட்டத்தைக் கேட்காமலே பறந்து முடித்தாள். இப்படி அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

காதைக் குத்தினால் நாலு புள்ளி மூன்று.

நான்கு வார உழைப்பு ஒரு நாளில் போச்சு. விசாரித்தேன். நேற்று ஞாயிறு, அவள் அம்மா வீட்டில் சீலா மீன் குழம்பும் சோறும். மாமி போடப் போட இவள் வாங்கி வாங்கிச் சாப்பிட்டதை நானே கண்ணால் பார்த்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

"இப்படி அளவில்லாமத் தின்னா எண் ஏறாம என்ன செய்யும்? இனி ஞாயித்துக்கிழமையும் அரை வயித்துக்குத்தான்."

துண்டால் காதைப் பிடித்தபடி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் வேண்டாங்குதீயளா?"

"திருச்சி வரைக்கும்."

"சரி" என்றாள்.

மார்ச் 25, சனி

இரண்டு புள்ளி மூன்று. இதுவரை இல்லாத குறைவு. ஞாயிற்றுக்கிழமைக்கும் சரி என்று சொல்லிவிட்டாள், இனிக் கவலை இல்லை.

மாமி வந்திருந்தார். "மருமவனே, பிள்ள எலும்பா இருக்கா. கண்ணுக்குக் கீழ குழி விழுந்து கெடக்கு, பாக்கலியா?"

"மாமி, ரத்தத்தப் பாக்கேன். அதுல எல்லாம் இருக்கு" என்றேன்.

மாமி ஜெனோவாவைப் பார்த்தார். ஜெனோவா தரையைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ போயிற்று. தாய்க்கும் மகளுக்கும் ஆயிரம் இருக்கும்.

மார்ச் 31, வெள்ளி

திருச்சி லாட்ஜ். வழியெல்லாம் வேகக் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் வட்டத்திலிருந்தே புது வேகத்தில் போக வேண்டும், ரத்தம் தாங்கும். சாயங்காலம் கடுங்காப்பியோடு நிறுத்திக்கொண்டாள். பதற்றமாக இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிக்காகத்தான் என்று நினைத்து நான் தொந்தரவு செய்யவில்லை.

ஏப்ரல் 1, சனி

ஓட்டம் முடியவில்லை. இன்றைக்கு எழுத முடியாது.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்து ஞாயிறு. வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு பேரும் கோயிலுக்குப் போகவில்லை. அவள் தூங்குகிறாள்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நான் சொன்ன வேகத்தில்தான் போனாள். பாதி தூரம் வரை இரண்டாவது இடம். நான் கம்பி ஓரம் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். முகம் சாம்பலாக இருந்தது. மூச்சுகூட வாங்கவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. திணறினால் தெரியும், வலித்தால் தெரியும். இது விளக்கில் எண்ணெய் வற்றுகிற மாதிரி இருந்தது. எட்டாவது கிலோமீட்டரில் வளைவில் கால் மடங்கி உட்கார்ந்தாள். எழுந்தாள். இன்னும் கொஞ்சம் ஓடினாள். பிறகு விழுந்தாள்.

நான் ஓடிப்போய் முதலில் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். தண்ணீர் கொடுக்கவில்லை. தலையை மடியில் வைக்கவில்லை. பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதைத் துடைத்துக் குத்தினேன். உச்சத்துக்கு ஓடிவிட்டாளே, இப்போதாவது பார்த்துவிடுவோம் என்று. பக்கத்தில் நின்ற ஒரு பெண் பிள்ளை, "சார், என்ன செய்றீங்க?" என்றாள். பத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி ஆறு.

முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வெளியே நின்று இளவழகனைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னேன். அவன் வேறொன்று கேட்டான்.

"அவ சாப்புடுதாளால?"

"சாப்புடுதா."

"நீ பாத்தியா?"

நான் யோசித்தேன். ஞாயிறு தவிர, கடைசியாக அவள் வயிறாரச் சாப்பிட்டு எப்போது பார்த்தேன் என்று நினைவுக்கு வரவில்லை.

"சட்டியில இருந்தாத்தானல அகப்பையில வரும்" என்றான். "தசையில எரிக்கிறதுக்குச் சோறு இருந்தாத்தான் லாக்டேட் வரும். ஒன்னுமில்லன்னா எங்கேருந்து வரும்? அவ தேறல. காலியாகிட்டு இருந்திருக்கா."

உள்ளே போனேன். நர்ஸ் அவள் கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "கடைசியா வயிறு நெறையச் சாப்பிட்டது எப்பம்மா?"

ஜெனோவா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நேத்து ஒருசந்தி. பஸ்ல மத்தியானம் ஒரு பொட்டலம் தயிர்ச்சோறு."

"எத்தன நாளா ஒருசந்தி?"

"சாம்பல் புதன்லேருந்து."

முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் என்று பிறகு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துச் சொன்னார்கள். அதோடும் எத்தனை நாள் ஓடியிருக்கிறாளோ. இனிப் பல மாதம் ஓட்டம் இல்லை. அணியும் இல்லை.

ஊருக்கு வரும் பஸ்ஸில் கேட்டேன், யாருக்காக என்று. எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"ஏழாம் நாள் பூசை இல்ல, முப்பதாம் நாள் இல்ல. ஒரு மெழுகுதிரி இல்ல. நான் அவளுக்கு என்னத்தத்தான் செய்ய?"

பூசை, ஜெபம் எதுவும் வேண்டாம், சீக்கிரம் அடக்கத்தை முடித்துவிடுங்கள் என்று செப்டம்பரில் சொன்னது நான்தான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா வேண்டாம்பீய." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோவில்பட்டி தாண்டிய பிறகு மறுபடி பேசினாள். "மொதல்ல சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா அந்த எண் கொறையக் கொறைய நீங்க சிரிச்சீய. செப்டம்பருக்குப் பொறவு நீங்க சிரிச்சு நான் பாத்தது அதுக்குத்தான். அதையும் எதுக்குக் கெடுக்கணும்?"

ஏப்ரல் 4, செவ்வாய்

காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் எல்லாம் குறைவு. வாரம் முழுக்கப் பட்டினி கிடந்து வந்த நாள் அது. நோன்பு தொடங்கிய பிறகு ஒரே ஒரு திங்கட்கிழமை மட்டும் அதிகம். முந்தின நாள் சோறு சாப்பிட்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவள் கேலி பேசிக்கொண்டு, பறந்துகொண்டு ஓடினாள். அவள் உண்மையான உடம்போடு ஓடிய ஒரே நாள். அதற்குத்தான் நான் திட்டினேன். மிச்சமிருந்த ஒரு நாள் சோற்றையும் பிடுங்கினேன்.

எண் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியது. நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன், பதில் இனித்ததால் வேறு எதையும் கேட்கவில்லை.

நாய்க்கு யார் இட்லி போட்டது என்று இப்போது கேட்க வேண்டியதில்லை. அது இன்றைக்கும் வாசலில் வந்து நின்றது.

ஏப்ரல் 6, வியாழன்

பெரிய வியாழன். திங்கட்கிழமையிலிருந்து நானும் ஒருசந்தி. பக்தியா, தண்டனையா, எனக்கே தெரியவில்லை. ஜெனோவாவிடம் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரே நாளில். எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் தெரியவில்லை.

காலையில் மைதானத்துக்குத் தனியாகப் போய் மூன்று வட்டம் ஓடினேன். அன்றைக்கு ஓடிய அதே நொண்டி வேகம்தான். இரண்டாவது வட்டத்திலேயே கண் இருட்டியது, காதில் ஏதோ இரைந்தது. மூன்றாவதில் அழுகை வந்தது, வலியால் இல்லை. உட்கார்ந்து காதைக் குத்தினேன். அன்றைக்கு ஐந்தரை. இன்றைக்கு இரண்டு புள்ளி ஒன்பது.

முன்னேறிவிட்டேன். இந்த முழங்காலோடு, இந்த வயதில். பக்கத்தில் ஒரு கோச் இருந்திருந்தால் என்னைத் தூக்கிச் சுற்றியிருப்பான்.

ஏப்ரல் 7, வெள்ளி

பெரிய வெள்ளி. நொண்டிக்கொண்டே சிலுவைப் பாதைக்கு வந்தாள். பதினான்கு தலத்திலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அவள எங்க வச்சீய?"

செப்டம்பரில் ஒரு தடவை கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்ட அதே கேள்வி. ஏழு மாதம் காத்திருந்திருக்கிறாள்.

"ஈஸ்டருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். செப்டம்பரில் அடக்கத்துக்கு வந்தது அவள் அப்பாவும் நானும் மட்டும்தான். மேற்குச் சுவரோரம், பூவரச மரத்துக்குப் பக்கத்தில். கல் இல்லை, சிலுவை இல்லை, ஒரு குச்சிகூட நட்டுவைக்கவில்லை. வட்டத்துக்கு எத்தனை விநாடி என்று அளக்கிறவன், எத்தனை சொட்டு ரத்தம் என்று எழுதி வைக்கிறவன், இதற்கு ஓர் அடையாளம் வைக்கவில்லை.

மரத்தடியில் சின்னதாக இரண்டு மேடுகள் இருந்தன. மழையில் இரண்டும் கரைந்து தரையோடு தரையாகக் கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் நான் முன்னும் பின்னும் நடந்தேன்.

"எது?" என்றாள்.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒன்றைக் காட்டினால் நம்புவாள்.

"தெரியல ஜெனோ. ரெண்டுல ஒன்னு."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு இரண்டு மேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஆளுக்கொரு மெழுகுதிரி இருந்தது. அவள் ஒன்றை இந்த மேட்டில் ஊன்றினாள், நான் ஒன்றை அந்த மேட்டில். மற்றது யார் வீட்டுப் பிள்ளையோ, அதற்கும் ஒன்று இருக்கட்டும்.

"அவளுக்குப் பேரு வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"லூசியா" என்றாள் உடனே, எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குக் காத்திருந்தவள் போல. நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, மண்ணில் நெற்றியை வைத்து அழுதேன். அவள் என் முதுகில் கையை வைத்திருந்தாள்.

எவ்வளவு நேரம் அங்கே இருந்தோம் என்று தெரியாது. வாட்ச் கட்டிக்கொண்டு போகவில்லை.

மத்தியானம் மாமி வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. ஜெனோவா தட்டுக்கு எதிரே நான் உட்கார்ந்தேன். முதல் கவளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, மெஷின் கொண்டு வரலியா?" என்றாள்.

"இல்ல."

ஒரு கை சாப்பிட்டாள். இன்னொரு கை. பாதியில் நிறுத்தி அழுதாள். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்றாள்.